ஐந்தாம் வார்த்தைக்காரர்

பெரிய வியாழக்கிழமை மத்தியானம் புது ஐயர் ஸ்கூட்டரில் களத்துக்கே வந்துவிட்டார். செல்லத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிளகாய்ப் பழத்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். காலைத் தூக்கக் கூடாது. உழுவதுபோல இழுத்துக்கொண்டே போக வேண்டும். அடியில் கிடக்கும் ஈரப் பழம் மேலே வரும், மேலே சுருங்கியது அடியில் போகும். பத்து நாள் இப்படி நடந்தால் பழம் வத்தலாகும். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் இந்த மாதங்களில் எல்லா ஊர்க் களத்திலும் இதே நடைதான். காரம் காற்றோடு வந்து கண்ணில் ஏறும். வெளியூர்க்காரர்கள் தும்முவார்கள்.

ஐயர் மூன்று தடவை தும்மினார். சபைக்கு வருகிற குருவானவரை ஆறுதல்புரத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். இவர் போன வருசம் வந்தவர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

"ஸ்தோத்திரம் பிரதர். ஏழு பேருல நீங்க ஒருத்தர்தான் தேதி போட்டிருக்கீங்க."

செல்லத்துரை கால் இழுப்பதை நிறுத்தினார். "என்ன தேதிங்கய்யா?"

"இரட்சிக்கப்பட்ட தேதி, நீங்க ஆண்டவரைச் சந்திச்ச நாள். ஒன்பது, பன்னிரண்டு, ரெண்டாயிரத்துப் பதினாறு." தாளைப் பார்க்காமலே சொன்னார். "ஒருத்தர் 'சின்ன வயசுல'ன்னு எழுதியிருக்கார். ஒருத்தர் கோடு போட்டு விட்டுட்டார். இன்னொருத்தர் கலியாணத் தேதியப் போட்டிருக்கார். உங்க தாளைப் பார்த்ததும் மனசு நெறஞ்சிடுச்சு."

பெரிய வெள்ளியன்று பேசும் ஏழு பேருக்கும் ஐயர் கொடுத்த அந்தத் தாளைச் செல்லத்துரை இரண்டு வாரம் டிரங்குப் பெட்டி மேல் போட்டே வைத்திருந்தார். பேர், வயது, குடும்ப அட்டை எண் வரை எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தது அவருடைய மனைவி ஞானவடிவு.

"நாளைக்கு மேடையில, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறமா வார்த்தைக்குள்ள போங்க. நானே தேதியைச் சொல்லிக் கூப்பிடுறேன்."

"ஐயா, நான் பதினோரு வருசமா தாகத்தப் பத்தி மட்டுந்தான் பேசுதேன். அதுபோதும்னு..."

"சாட்சி இல்லாமப் பேசினா அது வெறும் பட்டிமன்றம் பிரதர். அடுத்த வருசத்திலிருந்து சாட்சி இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் மேடை. கமிட்டியில சொல்லிட்டேன்." மறுபடியும் தும்மிவிட்டுச் சிரித்தார். "ஜெபிச்சிட்டு வாங்க."

ஸ்கூட்டர் போன பிறகு புழுதி அடங்க நேரமாயிற்று. உடை மர நிழலில் குத்துக்காலிட்டிருந்த மாயகிருஷ்ணன் எழுந்து வந்தான். மேற்குத் தெருவில் கிடை வைத்திருப்பவன். அவன் ஆடுகள் தரிசில் பரவிக் கிடந்தன.

"என்ன அண்ணாச்சி, ஐயரு ஏதோ தேதி குறிச்சிட்டுப் போறாரு. கலியாணமா?"

"ஆமாடே. எனக்குத்தான்."

"மதினி ஒத்துக்கிட்டாவளா?"

"தேதி குறிச்சதே அவதான்."

மாயகிருஷ்ணன் சிரிக்க வாயைத் திறந்தான். செல்லத்துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

செல்லத்துரைக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்பது ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று ஞானவடிவு. இன்னொன்று மாயகிருஷ்ணன். ஜெபம் பண்ணினால் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, அந்தப் பக்கம் எடுக்க ஆள் இல்லை என்று அவனிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். 'எங்க ஐயனாரு போனே வச்சிக்கிடல அண்ணாச்சி, அதனால எனக்கு அந்தக் கவலை கெடையாது' என்றான் அவன்.

"நான் கேக்கக் கூடாது, ஆனா கேக்குதேன்" என்றான் இப்போது. "நம்பிக்கைதான் இல்லையே. அந்த மேடைய ஐயருக்கே விட்டுற வேண்டியதுதான?"

செல்லத்துரை பழத்தைக் கிளறியபடியே பேசினார். "எங்க அப்பாவுக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்தது அந்தக் கோயிலு. எனக்குக் கட்டைக்குரல்ல பாடச் சொல்லிக்குடுத்தது அந்தக் கோயிலு. மேல மூணு குரலும் போய்க்கிட்டிருக்கும்போது அடியில நான் ஒருத்தன் தாங்கிட்டு நிப்பேன்டே. அப்ப இருக்கிற நெறவு எனக்கு வேற எங்கயும் கெடைக்கல. வருசம் பூரா ஊர்ல ஒருத்தன் வெள்ளாமைய ஒருத்தன் கண்ணு வைக்கான். அந்த மூணு மணி நேரம் மட்டும் எல்லாரும், ஒருத்தரு பாடுபட்டுச் செத்தத நெனச்சிக்கிட்டு வாயப் பொத்தி உக்காந்திருக்கோம். அவரு சாமியா இல்லையாங்கது எனக்குத் தெரியாது. செத்தாரு. தண்ணி கேட்டாரு. அது எனக்குத் தெரியும்."

"எனக்கும் அதாம் அண்ணாச்சி. எங்க சாமியெல்லாம் கெடா கேக்கும், சாராயம் கேக்கும். தண்ணி கேட்ட சாமி இது ஒண்ணுதான்."

பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் தொங்கும்போது இயேசு பேசியதாகச் சொல்லும் ஏழு வார்த்தைகளை ஊரில் ஏழு பேர் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் பேசுவார்கள். ஐந்தாவது, தாகத்தின் வார்த்தை. ஆறுதல்புரத்தில் அதைப் பேசுகிறவருக்கு மட்டும் ஒரு கட்டு உண்டு. வியாழன் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார். வெள்ளி மூன்று மணிக்கு மணி அடித்ததும் கோயில் கிணற்றில் தண்ணீர் இறைத்து, வந்த எல்லாருக்கும் கையில் ஊற்றுவார். கோயிலுக்கு வந்தவர், வராதவர், மேற்குத் தெருக்காரர், வழியில் போகிறவர், எல்லாருக்கும். அதன்பிறகே கஞ்சி. கடைசியில்தான் அவர் குடிப்பார். ஏதோ ஒரு பஞ்சத்தில் அந்தக் கிணற்றில் மட்டும் ஊற்று நிற்காமல் இருந்ததாம். அன்றிலிருந்து வந்த பழக்கம். எந்தப் பஞ்சம் என்று யாருக்கும் தெரியாது.

ஞானவடிவு தீப்பெட்டி ஆபீஸ் வேனில் வந்து இறங்கும்போது மணி ஆறு. விரல் நுனியெல்லாம் மருந்து ஒட்டிச் சிவந்திருந்தது. வந்ததும் வராததுமாக மறுநாள் கோயில் கஞ்சிக்குப் போடும் சிறுபயற்றைப் புடைக்க உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டுப் பங்கு நாலு படி.

"ஏட்டி, அது என்ன தேதி?"

"எது?"

"நடிக்காத. ஐயரு களத்துக்கே வந்துட்டுப் போறாரு."

முறம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் புடைத்தாள். "என்ன சொன்னாவ?"

"நாளைக்கு அந்தச் சாட்சிய மேடையில சொல்லணுமாம். இல்லாத தேதியப் போட்டு என்னைய மாட்டி விட்டுட்டியேட்டி. பதினோரு வருசமா அந்த எடத்துல நின்னு ஒரு பொய் சொன்னதில்ல நான். நம்புதேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

"இல்லாத தேதின்னு உங்களுக்கு ஆரு சொன்னா?"

"பெறகு?"

"இருக்கிற தேதிதான். உங்களுக்கு ஞாபகம் இல்லைன்னா நான் என்ன செய்ய?" முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கல்லுப் பொறுக்க விடுங்க. நாளைக்கு ஊரு வாயில கல்லு கடிபட்டா என்னையத்தான் சொல்லுவாவ."

ராத்திரிச் சாப்பாடு எடுத்து வைத்தாள். கருவாடு இல்லாத குழம்பு. தவசு நாளில் வீட்டில் கவிச்சி கிடையாது. அவர் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். கட்டுக்கு முன்னால் கடைசித் தண்ணீர். தொண்டையில் இறங்கும்போதே இது நாளைக்குப் போதாது என்று தோன்றியது.

காலையில் வெயில் ஏறுவதற்குள் களத்தை ஒருதரம் கிளறிவிட்டு வந்து, டிரங்குப் பெட்டியைத் திறந்தார். விதை வாங்கிய ரசீதுகளில் தேடினார். மகள் பத்தாவது முடித்த வருசம், போர் போட்ட வருசம், எதுவும் அந்தத் தேதிக்கு வரவில்லை. அப்புறம் பாடகர் குழு நோட்டுகளை எடுத்தார். எந்த நாளில் என்ன பாட்டு, எந்தச் சுருதி என்று இருபது வருசமாக எழுதி வைத்திருக்கிறார். பதினாறாம் வருச நோட்டின் கடைசிப் பக்கங்களில் அது இருந்தது.

'9-12. மழை ஜெபம், மூன்றாம் நாள்.' பாட்டு எண்கள். கீழே அவருடைய கையெழுத்திலேயே, 'தொண்டை சரியில்லை.'

நோட்டு மடியில் கிடந்தது.

அந்த வருசம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றின. விதைத்த பாசியும் உளுந்தும் இரண்டு இலையோடு கருகின. கரிசல் வெடித்து, மாயகிருஷ்ணனின் ஆட்டுக்குட்டி ஒன்று வெடிப்பில் காலை விட்டு ஒடித்துக்கொண்டது. சபையில் மூன்று நாள் மழைக்காக ஜெபித்தார்கள். மூன்றாம் நாள் பாட்டு முடிந்து வீட்டுக்கு வந்தவர், வாசல்படியில் உட்கார்ந்து ஞானவடிவிடம் சொன்னார். எனக்கு ஜெபம் வரல. அந்தப் பக்கம் யாரும் இருக்கிற மாதிரித் தோணல. இன்னைக்கில்ல, ரொம்ப நாளாவே. ஒன்கிட்ட மறைச்சிட்டேன்.

அவள் உள்ளே போனாள். நாலு நாளைக்கு ஒருமுறை டேங்கர் லாரி வந்த காலம். கடைசிக் குடத்தைச் சாய்த்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். அதோடு சரி. அதைப் பற்றி இருவரும் பிறகு பேசியதில்லை.

ஞானவடிவு வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள். நோட்டைப் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சிட்டியளா?"

"ஏன்ட்டி எழுதுன அத?"

"கட்டம் சும்மா கெடந்தா உங்களக் கழிச்சிருவாவன்னு பேசிக்கிட்டாவ. பயந்துட்டேன். உங்க பேருக்கு நேரா எழுத எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு தேதிதான்." சேலை முந்தியைத் திருகினாள். "அதுக்கு முன்னாடி நீங்க கோயிலுக்கு வந்ததெல்லாம் உங்க அப்பாவுக்காக, ஊருக்காக, எனக்காக. என்கிட்ட சொன்ன பெறகு நீங்க வராம இருந்திருக்கலாம். நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழம நீங்களா சட்டையப் போட்டுக்கிட்டு முன்னால நடந்தீங்க. அன்னையிலிருந்துதான் நீங்களா வாரீங்க. அத வேற என்னன்னு எழுத?"

"இத ஐயருகிட்ட சொல்ல முடியுமாட்டி?"

"எனக்கு என்ன தெரியும். மேடையில சொல்லச் சொல்லுவாவன்னு ஆரு கண்டா?" பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வேற எதாவது சொல்லிருங்க. காய்ச்சல் வந்துச்சு, சொகமாச்சின்னு சொல்லிருங்க. ஆரு வந்து பாத்தா? உங்க குரல் இல்லாத கோயில்ல என்னால உக்கார முடியாது."

கோயிலில் பீடத்துச் சிலுவைக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தும் காற்று இல்லை. மின்விசிறி சூட்டைத்தான் இறக்கியது. முதல் வார்த்தை, இரண்டாம் வார்த்தை. ஆட்கள் பேசுவது செல்லத்துரையின் காதில் விழவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. காய்ச்சல் வந்தது, சுகமானது. சொல்லிப் பார்த்தார். எளிதாகத்தான் இருந்தது. நாலு வாக்கியம். ஐயர் ஆமென் சொல்வார். அடுத்த வருசமும் இந்த இடம் இருக்கும். பாடகர் குழுவில் கடைசி நாற்காலி இருக்கும். மூன்று மணிக் கிணறு இருக்கும்.

பெண்கள் பக்கம் ஞானவடிவின் வலது கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. தெற்கு ஜன்னலுக்கு வெளியே மாயகிருஷ்ணன் கம்பில் தாடையை ஊன்றி நின்றான். வருசா வருசம் நாலாவது வார்த்தை முடியும் நேரத்துக்கு வந்துவிடுவான்.

ஐயர் எழுந்தார். "அடுத்து நம் சகோதரர் செல்லத்துரை. அவர் ஆண்டவரைச் சந்தித்த நாள் ஒன்பது, பன்னிரண்டு, ரெண்டாயிரத்துப் பதினாறு. அன்று நடந்ததை அவரே சொல்லுவார்."

செல்லத்துரை மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பித்தளை சுட்டது.

"அது மழை ஜெபத்தோட மூணாம் நாளு" என்றார். செருமினார். "அந்த வருசம் எப்படிக் கெடந்தோம்னு உங்களுக்குத் தெரியும். அன்னைக்குப் பாடி முடிச்சிட்டு வீட்டுக்குப் போயி, எனக்கு ஜெபம் வரல, சாமி இருக்காருன்னு எனக்குத் தோணலன்னு என் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன்."

எங்கோ ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. ஞானவடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ ஒண்ணும் சொல்லல. கடேசிக் கொடத்துல இருந்து ஒரு செம்பு தண்ணி கொண்டாந்து குடுத்தா. நான் குடிச்சேன். அவ்வளவுதான் நடந்துச்சு. நான் இன்னைக்கும் அப்படியேதான் இருக்கேன். எனக்கு அதுக்கு மேல வரல. ஆனா தவிச்சவன் கேட்டான்னா என்ன செய்யணும்னு அன்னைக்குத்தான் பாத்தேன். இந்த வார்த்தைய நான் இன்னும் பேசிக்கிட்டிருக்கது அதுக்காக."

பிறகு அவர் வழக்கம்போலத் தாகத்தைப் பற்றிப் பேசினார். உதடு வெடிப்பது, எச்சில் பசையாவது, எவ்வளவு பெரிய ஆளானாலும் அந்த நேரத்தில் கேட்பது ஒரு வாய் தண்ணீர்தான் என்பது. கேட்டவருக்குக் கிடைத்தது புளித்த காடி. இன்று மத்தியானம் நம்முடைய வாசலுக்கு யார் வந்து கேட்பார்கள் என்று நமக்குத் தெரியாது. ஏழு நிமிசம். இறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஐயர் எழுந்து பாட்டு எண்ணை மட்டும் சொன்னார். பாட்டு தொடங்கியது. செல்லத்துரைக்குப் பாட வரவில்லை. அடிக்குரல் இல்லாமல் அந்தப் பாட்டு எங்கோ மிதந்துகொண்டு போனது. ஆறாம் வார்த்தை, ஏழாம் வார்த்தை. பக்கத்து நாற்காலிக்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்று மணிக்கு மணி அடித்தது. செல்லத்துரை கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வாளி நிரம்பி மேலே வந்தது. கல்மேல் வைத்துவிட்டு, கையில் செம்போடு நின்றார்.

யாரும் வரவில்லை. ஆண்கள் வேப்பமரத்தடியில் கூட்டமாக நின்றார்கள். பெண்கள் கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில். ஞானவடிவு நடுவில் தனியாக. வெளிவாசலில் மேற்குத் தெரு ஆட்கள், உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல், ஏன் வரிசை நகரவில்லை என்று எட்டிப் பார்த்தார்கள். மாயகிருஷ்ணன் ஓரடி எடுத்து வைத்துவிட்டு நின்றான். இன்று முதலில் நீள்வது சபையைச் சேராத தன் கையாக இருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மணிக்கயிற்றைக் கட்டிவிட்டு மாசிலாமணி கூனிக்கொண்டே வந்தார். நாற்பது வருசமாக மணி அடித்துக் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற கோயில்பிள்ளை. நேராகக் கிணற்றடிக்கு வந்து இரண்டு கையையும் குவித்தார்.

"ஏலே, ஊத்துலே. தொண்ட காஞ்சிபோச்சி."

"மாமா, நான் உள்ள சொன்னது..."

"எனக்குக் காது கேக்கும்லே." குவித்த கையை எடுக்காமலே எரிந்து விழுந்தார். "விசுவாசிக்கிறேன்னு விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ஊரே சொல்லும், ஒன் சத்தம் மட்டும் நின்னுபோவும். அடுத்த பாட்டுக்குத்தான் திரும்ப வரும். கடேசி வரிசையில நிக்கிறவனுக்கு அது தெரியாதாக்கும்? என்னைக்குச் சொல்லப் போறான்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இவ்வளவு நேரங்கெட்ட நேரத்துல சொல்லுவன்னு நெனைக்கல. ஊத்துலே!"

செல்லத்துரை ஊற்றினார். பாதி தரையில் போயிற்று. "சிந்தாதலே" என்றார் கிழவர், குடித்துக்கொண்டே.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். அப்புறம் அவள் பிள்ளைகள். பாடகர் குழுவில் பக்கத்து நாற்காலிக்காரர் வந்தார். முகத்தைப் பார்க்காமல் குடித்துவிட்டுப் போனார். வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் வரவேயில்லை. நேராகக் கஞ்சிக்குப் போனார்கள். வாசலில் நின்றவர்கள் நகர்ந்து வந்தார்கள். மாயகிருஷ்ணன் குடித்துவிட்டு, ஈரக் கையை முகத்தில் தடவிக்கொண்டான். "இந்த வருசம் தண்ணி கொஞ்சம் உப்பு கூடுதல் அண்ணாச்சி" என்றான்.

வரிசை முடியும்போது ஐயர் வந்தார். அங்கியைக் கழற்றவில்லை. கழுத்தெல்லாம் வியர்வை.

"இதைக் கமிட்டியில நான் பேசாம இருக்க முடியாது பிரதர்."

"பேசுங்கய்யா."

"நீங்க வேற தேதி ஏதாவது சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"ஆமாங்கய்யா."

ஐயர் அங்கியின் நீளக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு கைகளைக் குவித்தார். செல்லத்துரை ஊற்றினார். அவர் இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கே நின்ற ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கிணற்றடிக்குக் கேட்கவில்லை.

வாளி காலி. செல்லத்துரை கயிற்றை எடுத்தார். ஞானவடிவு வந்து அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். வழக்கத்தில் அப்படிக் கிடையாது. கடைசித் தண்ணீரை அவரே இறைத்துக்கொள்ள வேண்டும்.

"விடுங்க. இத நான் எறைச்சுத் தாரேன்."

அவள் இறைத்தாள். செம்பு நிறைய ஊற்றிக் கொடுத்தாள். வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் குடிக்கத் தொடங்கினார். செம்பு காலியாகும்வரை அவள் அங்கேயே நின்றாள்.